ட்ரோன் வைத்திருப்போர் கவனத்துக்கு: கண்ணுக்கு எட்டும் தூரம் எது வரை?

(நம் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய கூட்டத்தின் நான்காவது பொருள், நம் நகரில் ட்ரோன் பறக்கவிடுவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்ற தீர்மானம். அதற்குக் காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் நம் தெருப் பிள்ளை ஒருவனின் ட்ரோன் ஏரியைத் தாண்டிப் போய், கட்டுப்பாடு இழந்து, அக்கரையில் களத்துமேட்டில் விழுந்தது. அங்கே கேழ்வரகு காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்ததால் பிழைத்தார். அந்தப் பிள்ளையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவனே எழுந்து, "ஐயா, ட்ரோன் எங்கே இருக்குன்னு ஸ்கிரீன்ல தெரிஞ்சுது, கண்ணுக்குத்தான் தெரியலை" என்று சொன்னான். பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதனால் தீர்மானத்தை ஓட்டுக்கு விடுவதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ட்ரோன் ஓட்டுவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறையில் என்ன ஆகும் என்று பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் பொறியாளன் அல்ல. பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். சுற்றறிக்கையை வரிக்கு வரி படிப்பதும் கணக்குப் போடுவதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. இந்த விஷயத்துக்கு இரண்டுமே தேவைப்படுகின்றன.

முதலில் சட்டம். 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2018 டிசம்பர் 1 முதல் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார்கள். 2021 மார்ச்சில் ஒரு விதித்தொகுப்பு வந்தது, கெடுபிடி அதிகம் என்று எல்லோரும் குறை சொன்னார்கள். அதை எடுத்துவிட்டு அதே ஆண்டு ஆகஸ்டில் கொண்டுவந்ததுதான் இப்போதைய ட்ரோன் விதிகள், 2021. படிவங்களும் கட்டணங்களும் வெகுவாகக் குறைந்துவிட்டன. பதிவுக் கட்டணம் 100 ரூபாய். மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

எடையை வைத்து ஐந்து வகை பிரித்திருக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கும் மேல் பெரியது. நம் பிள்ளைகள் வைத்திருப்பது முதல் இரண்டு வகை. வயலில் மருந்து தெளிக்க வருகிறதே, அது மூன்றாவது வகை.

இங்கே ஒரு நுணுக்கம். எடை என்றால் பறக்கும்போது உள்ள மொத்த எடை. பெட்டியில் 249 கிராம் என்று அச்சிட்டு விற்கிறார்கள். ஒரு கிராமில் சட்டத்தின் ஒரு படிக்கட்டுக்குக் கீழே நிறுத்துகிற வியாபார சாமர்த்தியம். வாங்கியவர் இறக்கைக்குக் காவல் வளையம் மாட்டினாலோ ஒரு சின்ன விளக்கு ஒட்டினாலோ அது மைக்ரோ ஆகிவிடும். மைக்ரோவானால் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். நானோவுக்கு மட்டும்தான் அதில் விலக்கு. வீட்டுத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பதிவு எண் எல்லா வகைக்கும் உண்டு. நானோதானே, விளையாட்டுப் பொம்மைதானே என்று பலர் பதிவே செய்வதில்லை, அது தவறு. ஓட்டுநர் சான்றிதழ் என்பது வேறு. நானோவுக்கும், வருமானத்துக்கல்லாமல் பொழுதுபோக்காக ஓட்டும் மைக்ரோவுக்கும் அது தேவையில்லை. கல்யாணத்துக்குக் காசு வாங்கிப் படம் எடுப்பவர் மைக்ரோ வைத்திருந்தால் அவருக்குத் தேவை. சான்றிதழ் வாங்கப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது 18 முதல் 65க்குள் இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் கொஞ்ச காலம் அவகாசம் இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். அதற்குக் கிடைத்த பதிலை இங்கே சொல்ல முடியாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த விதிகளில் 'மாதிரி ட்ரோன்' என்று ஒரு வகை வரையறுக்கப்பட்டிருக்கிறது. 25 கிலோவுக்கு மேற்படாதது, கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுவது, பார்வைக்கு எட்டும் தூரத்துக்குள் ஓட்டப்படுவது. இந்த வகைக்கு 'வகைச் சான்றிதழ்' தேவையில்லை. வகைச் சான்றிதழ் என்பது ஒரு மாடல் தரமானது என்று தயாரிப்பாளர் அரசிடம் சோதனைக்குக் கொடுத்து வாங்குவது, தனி மனிதர் வாங்குகிற காரியமில்லை. ஆக, பொழுதுபோக்குக்காரருக்குக் கொடுத்த சலுகை அந்த வரையறையின் கடைசி நிபந்தனையோடு சேர்த்து முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு ட்ரோனை அனுப்பிய அந்த நிமிடமே அது மாதிரி ட்ரோன் இல்லை. சலுகை போய்விட்டது. வங்கியில் முன்னுரிமைக் கடனை வேறு காரியத்துக்குத் திருப்பினால் வட்டிச் சலுகை போய்விடுகிறதல்லவா, அப்படித்தான்.

"நானோவுக்கு எடையை வைத்தே அந்த விலக்கு தனியாக இருக்கிறதே, அப்போ நானோ எவ்வளவு தூரமும் போகலாமா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி, விதியைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி. வகைச் சான்றிதழ் பற்றி மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் அதே விதிகளில் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து விளைவிக்கும் வகையில் எந்த ட்ரோனையும் ஓட்டக் கூடாது என்று இருக்கிறது. அதில் எடைக் கணக்கு இல்லை. கண்மூடித்தனமாக நடந்து பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவும் இருக்கிறது. எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஓட்டினேன் என்பதை எந்த நீதிமன்றத்தில் நல்ல பதிலாக எடுத்துக்கொள்வார்கள்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கேயும் பொழுதுபோக்குக்காரர் தன் கண்ணாலோ, பக்கத்தில் நிற்கும் துணையாளின் கண்ணாலோ ட்ரோனைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஏதோ நம் நாட்டில் மட்டும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம்.

கண்ணுக்கு எட்டும் தூரம் எத்தனை மீட்டர்? ஆளுக்கு ஆள், வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் வைத்திருக்கும் மடக்கு ட்ரோன் சுமார் ஒரு அடி அகலம், 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 500 மீட்டர் தள்ளி இருப்பதும், ஒரு கேழ்வரகு மணியை எட்டு அடி தள்ளி வைத்துப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். வீட்டில் செய்து பாருங்கள். மணி இருப்பது தெரியும். அது எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ட்ரோனுக்கு அதுதான் முக்கியம். முகம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இடது பக்கம் திருப்புகிறோம் என்று நினைத்து வலது பக்கம் திருப்புவோம். ஆகவே புள்ளியாகத் தெரிந்தால் போதாது. திசை தெரிய வேண்டும், அதைச் சுற்றியுள்ள வானமும் தெரிய வேண்டும். இந்த அளவு ட்ரோனுக்கு 200, 300 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இது சட்டத்தில் உள்ள எண் அல்ல, என் கணிப்பு.

"திரையில்தான் எல்லாம் தெரிகிறதே" என்பார்கள். திரையில் தெரிவது முன்னால் உள்ளது மட்டும். பக்கத்தில் வரும் பருந்து தெரியாது. நம் பக்கத்துக் கரும்பருந்துகள் குஞ்சு பொரித்திருக்கும் நேரத்தில் எதையும் விடுவதில்லை. உயர் அழுத்த மின்கம்பி, கேமரா அகலமாகப் பார்ப்பதால், வெகு பக்கத்தில் வந்த பிறகுதான் நூல் போலத் தெரியும். தாழ்வாக வரும் ஹெலிகாப்டரின் சத்தம் திரையில் கேட்காது. ஆள் இருக்கும் விமானத்துக்கு எப்போதும் ட்ரோன்தான் வழிவிட வேண்டும். வழிவிட முதலில் அது வருவது தெரிய வேண்டுமே!

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ட்ரோன் மணிக்கு 40 கி.மீ. வேகம், காற்று மணிக்கு 20 கி.மீ. என்று வையுங்கள். காற்றோடு போகும்போது தரைக் கணக்கில் 60 கி.மீ. வேகம். இரண்டு கி.மீ. போக 2 நிமிடம். திரும்பும்போது எதிர்க்காற்று, 20 கி.மீ. வேகம்தான். அதே தூரத்துக்கு 6 நிமிடம். பேட்டரி நடைமுறையில் 20 நிமிடம் தாங்கும் என்றால், போக நூற்றில் பத்து, வர நூற்றில் முப்பது. ஓட்டுகிறவர் போகும்போது திரையைப் பார்த்து, "பத்துதானே குறைந்திருக்கிறது" என்று மகிழ்ந்துபோய் இன்னும் தள்ளி அனுப்புவார். பாதி பேட்டரி வரை போய்த் திரும்பலாம் என்று நினைத்தால், பத்து நிமிடத்தில் 10 கி.மீ. போயிருக்கும், திரும்ப 30 நிமிடம் வேண்டும், கையில் இருப்பது பத்து நிமிடம். கடன் வாங்கும்போது இனிக்கும், வட்டி கட்டும்போது தெரியும் என்று கவுண்டரில் எத்தனையோ பேருக்குச் சொன்னது நினைவுக்கு வருகிறது. இன்னொன்று, தரையில் இலை அசையாத நாளிலும் 100 மீட்டர் உயரத்தில் நல்ல காற்று இருக்கலாம். அதனால் முதலில் எதிர்க்காற்றில் போக வேண்டும், காற்றோடு திரும்ப வேண்டும். ஏரி விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு.

தானாகவே வீடு திரும்பும் வசதி இருக்கிறதே என்று பலர் நம்புகிறார்கள். அதைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீடு எது என்று ட்ரோன் எப்போது முடிவு செய்கிறது? கிளம்பும்போது செயற்கைக்கோள்களைப் பிடித்து இடத்தைக் குறித்துக்கொள்கிறது. அவசரப்பட்டு அதற்கு முன்பே கிளப்பினால், அது வீடு என்று நினைப்பது வேறு எங்கோ இருக்கும். இரண்டாவது, மொட்டை மாடியில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். நம்மில் பாதிப் பேர் மாடியிலிருந்துதான் கிளப்புகிறோம். மூன்றாவது, எதிர்க்காற்றை வெல்லும் அளவு பேட்டரி இல்லையென்றால், வீட்டு வழி தெரிந்தும் பயனில்லை.

மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. வத்தல்மலைக்கும் தீர்த்தமலைக்கும் விடுமுறை நாளில் ட்ரோனோடு போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். திரையில் காட்டும் உயரம், கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு மேலே என்பதுதான். ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. சட்டம் சொல்லும் 400 அடி, அதாவது 120 மீட்டர், தரையிலிருந்து. அடிவாரத்தில் கிளப்பி மலையை நோக்கி அனுப்பினால், திரை 80 மீட்டர் உயரம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பாறையில் மோதும். மேலே சாலை வளைவில் நின்று பள்ளத்தாக்குப் பக்கம் அனுப்பினால், திரை 30 மீட்டர் என்று காட்டும்போதே தரையிலிருந்து பல நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது அனுமதி இல்லாத வானத்தில். மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் ரேடியோ தொடர்பும் அறுந்துபோகும், ஏனென்றால் இந்த அலைகள் மலையைத் துளைத்து வராது. பெட்டியில் "பத்து கி.மீ. தூரம்" என்று அச்சிட்டிருப்பது மறைப்பும் இடையூறும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு.

வானத்தையும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் யாரும் பார்க்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 கி.மீ. முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள், முன் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி மட்டும் பச்சை. நமக்குப் பக்கத்து விமான நிலையம் தொப்பூர் கணவாய்க்கு அப்பால் சேலம் மாவட்டம் காமலாபுரத்தில் இருக்கிறது. தருமபுரி நகரம் அந்த வட்டத்துக்கு வெகு வெளியே. அதற்காக வரைபடத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டாம். முக்கியப் பிரமுகர் வருகை போன்ற சமயங்களில் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். நேற்று பச்சையாக இருந்தது இன்று சிவப்பாக இருக்கலாம்.

ஒகேனக்கல் பக்கம் போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான காடு. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுக்கவே வேண்டாம். தேனீக் கூட்டத்தின் ரீங்காரம் கேட்டால் யானை மிரளும். ட்ரோன் சத்தமும் அந்த மாதிரிதான். மிரண்ட யானை ட்ரோனைத் துரத்தாது, கீழே ஆடு மேய்க்கிறவரைத்தான் துரத்தும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, கண்ணுக்கு எட்டாத தூரம் ட்ரோன் ஓட்டுவதே தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தடைத் தீர்மானத்தை நான் ஆதரிக்காததற்குக் காரணமே அங்கேதான் இருக்கிறது.

நம் மாவட்டத்துக் கோட்டூர் மலை உங்களுக்குத் தெரியும். பென்னாகரம் தொகுதியில் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றி மலைக்குக் கொண்டுபோன படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே. தேர்தலுக்கு முன்னேற்பாடு செய்யலாம். பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் தேதி குறிக்க முடியாது. அப்படிப்பட்ட ஊருக்கு விஷமுறிவு மருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டுமென்றால், அது கண்ணுக்கு எட்டாத தூரம் பறக்கிற ட்ரோனால்தான் முடியும். இது கற்பனை இல்லை. ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ட்ரோனில் ரத்தம் போகிறது. நம் நாட்டில் 2021 ஜூனில் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் அரசு அனுமதியோடு இப்படிப்பட்ட சோதனைப் பறத்தல்கள் நடந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்து அனுப்பிப் பார்த்தார்கள். அக்டோபர் 4ஆம் தேதி மணிப்பூரில் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரித் தீவான கராங்குக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொரோனா தடுப்பூசி அனுப்பியது. வான்வழி 15 கி.மீ., கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. சாலை வழியாகப் போனால் 26 கி.மீ.

நம் தமிழ்ப் பிள்ளைகளும் இதில் முன்னால் இருந்திருக்கிறார்கள். 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ உதவி ட்ரோன் போட்டியில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த குழு என்பதால் செய்தி பரவியது. ஆனால் செய்த காரியத்தைப் பலர் கவனிக்கவில்லை. எங்கோ தூரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கற்பனை நோயாளிக்கு, கண்ணில் படாத தூரத்தில் தானாகப் பறந்து உதவி செய்வதுதான் அந்தப் போட்டியே.

இவர்கள் எல்லோரும் செய்ததற்கும் ஏரிக்கரையில் நடந்ததற்கும் என்ன வித்தியாசம்? பாதையை முன்கூட்டியே வகுத்தார்கள், அனுமதி வாங்கினார்கள், தொடர்பு அறுந்தால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வைத்தார்கள். அந்த வழிக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்குப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசே ஆளில்லா விமானங்களுக்கென்று ஒரு கழகம் நடத்துகிறது. 300 மீட்டருக்குள் ஒழுங்காக ஓட்டப் பழகாதவர் யாரும் அந்தப் படியில் ஏற முடியாது. நாம் தடை போட்டால் அவர்கள் பழகுவதை நிறுத்தமாட்டார்கள். நம் கண்ணுக்கு மறைவாக, அதே ஏரிக்கு அப்பால் போய்ப் பழகுவார்கள்.

மாடியில் துணி காயப்போட முடியவில்லை என்று சொன்ன தாய்மார்களின் கவலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தரங்கத்தில் இருக்கும் பெண்ணைப் படம் பிடிப்பது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. அதற்குச் சங்கத் தீர்மானம் தேவையில்லை, நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ட்ரோன் வாங்கி வரச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்தால் காசு போனதுதான்.

ஆகவே தடைத் தீர்மானத்துக்குப் பதிலாக நான் வைக்கும் திருத்தம் இது. பறக்கவிடும் இடம் பூங்காவுக்குப் பின்னால் உள்ள மைதானம், ஞாயிறு காலை 7 மணி முதல் 9 மணி வரை. வீடுகளுக்கு மேலும் ஏரிக்கு அக்கரையிலும் கூடாது. ஓட்டுகிறவரோடு வானத்தை மட்டும் பார்க்கும் துணையாள் ஒருவர் நிற்க வேண்டும், அவர் போன் பார்க்கக் கூடாது. அவர் "தெரியலை" என்று சொன்னால் உடனே திருப்ப வேண்டும், வாக்குவாதம் கூடாது. பதிவு எண் இல்லாத ட்ரோன் மைதானத்துக்கு வரக் கூடாது. மைக்ரோ என்றால் காப்பீட்டு நகலும் வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டி.ஜி.சி.ஏ.வுக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதைச் செய்யத் தெரியாதவர்களுக்கு நான் உட்கார்ந்து செய்து தருகிறேன்.

சங்க அலுவலகத்தில் இதற்கென்று ஒரு பேரேடு திறந்து, கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பெயர், கதவு எண், ட்ரோனின் எடை, பதிவு எண், துணையாள் பெயர் என்று ஐந்து கலம். எடை போட என் வீட்டுத் தராசையும் அங்கேயே வைத்திருக்கிறேன், ஒரு கிராம் வரை காட்டும். ஏரிக்கரை விஷயத்தில் சம்பந்தப்பட்ட பிள்ளை முதல் வரியில் தன் பெயரை எழுதியாயிற்று. களத்துமேட்டு அம்மாவைப் பார்க்க அவனும் அவன் அப்பாவும் நானும் வருகிற புதன்கிழமை போகிறோம். வருகிறவர்கள் வரலாம், காலை 8 மணிக்குக் கிளம்புகிறோம்.